வலி வராத வரைக்கும்

வலி இல்லாத ஒன்றை நோய் என்று ஒருவரிடம் சொல்லி எப்படி நம்பவைப்பது? கொஞ்ச காலமாகவே இந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. மருத்துவர்களிடம் கேட்டால் அவர்களுக்கு இது பெரிய விஷயமாகப் படுவதில்லை. ரத்தத்தைச் சோதித்தால் எண் வருகிறது, எண்ணுக்குத் தக்க மாத்திரை இருக்கிறது, ஒழுங்காகப் போட்டால் கட்டுப்படும் என்கிறார்கள். ஆனால் அந்த எண்ணுக்கும் உடம்புக்குச் சொந்தக்காரருக்கும் நடுவே நீண்ட தூரம் கிடக்கிறது. உடம்பு சரியில்லை என்பதை நாம் உடம்பு சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். தலை வலிக்கிறது, வயிற்றைப் பிடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, சோறு இறங்க மாட்டேன் என்கிறது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இதற்கும் மேலே ஒரு கணக்கு உண்டு: வலித்தாலும் வேலைக்குப் போக முடிந்தால் அது நோய் இல்லை. எழுந்திருக்க முடியாமல் போகிற காலையில்தான் நோய் தொடங்குகிறது. அன்றன்றைய கூலியில் அன்றன்று உலை வைக்கிற வீட்டில் இதைவிட நியாயமான அளவுகோல் வேறு இருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அந்த அளவுகோலைச் செல்லாததாக்கிவிட்டன. வருஷக்கணக்கில் எதையும் காட்டிக்கொள்ளாமல் உள்ளே இருந்துவிட்டு, ஒருநாள் கண்ணையோ சிறுநீரகத்தையோ காலையோ கேட்கின்றன. அன்றைக்கு நோய் தொடங்கியது என்று வீடு சொல்கிறது. அன்றைக்கு முடிவின் தொடக்கம் என்று மருத்துவருக்குத் தெரிகிறது.

தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவில், உறவினர் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தபோது, சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். செவிலியர் அவருடைய வலது கை நடுவிரலைப் பஞ்சால் துடைத்து ஊசியால் குத்தினார். ரத்தம் வரவில்லை. மூட்டைச் சாக்கும் கயிறும் உரசி உரசி விரல் நுனி முழுக்கக் காய்த்துப்போயிருந்தது. ஊசி அந்தத் தோலின் மேல்புறத்தைத் தாண்டவே இல்லை. பக்கத்து விரலைக் குத்திப் பிதுக்கினார். கடுகளவு எட்டிப் பார்த்த ரத்தம் ஸ்ட்ரிப்புக்குப் போதவில்லை, கருவி பிழை காட்டியது. "இடது கைச் சுண்டுவிரலை நீட்டுங்கண்ணே" என்றார். அது வேலை குறைவாகச் செய்த விரல். அதில் வந்தது. "முந்நூத்திப் பன்னெண்டு இருக்குண்ணே." அவர் அந்த எண்ணை யாரோ மூன்றாம் மனிதரின் விலாசத்தைக் கேட்டதுபோல் கேட்டுக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் செய்யலையே தாயி. நேத்துகூட லோடு ஏத்துனேனே" என்றார். அதில் வாதம் இல்லை, சந்தேகம்தான் இருந்தது. அந்தச் சந்தேகத்துக்கு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பதில் சொல்ல அந்தச் செவிலியருக்கு ஆசை இருந்திருக்கும், முகத்தில் தெரிந்தது. பின்னால் வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றது. நோட்டில் எழுதி, "மாத்திரை எழுதியிருக்கு, அந்தக் கடைசிக் கவுன்ட்டர்ல வாங்கிக்கங்க, சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். வெறும் வயிற்றில் ஒரு சோதனை, சாப்பிட்ட பிறகு ஒரு சோதனை, நடுவே இரண்டு மணி நேரம், அதற்குள் வெளிநோயாளிப் பிரிவை மூடுகிற நேரம் நெருங்கிவிடும். சோதனையும் மாத்திரையும் இலவசம். அன்றைய கூலி போனது போனதுதான். ஒன்றும் செய்யாத நோய்க்கு மாதம் ஒரு நாள் கூலியைக் கொடு என்றால், அதை மறுக்கிற மனிதரை விவரம் இல்லாதவர் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

வலி என்பதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் மருத்துவர் பால் பிராண்டிடம் போகாமல் இருக்க முடிவதில்லை. 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். அவருடைய தந்தை அந்த மலையிலேயே மலேரியா முற்றிய கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். பிராண்ட் இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தவர்களின் விரல்கள் நோயாலேயே அழுகி உதிர்கின்றன என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். நோய் நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போகிறது. அதற்குப் பிறகு விரலைத் தின்பது அன்றாட வாழ்க்கை. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார்கள், முள் தைத்த காலோடு மைல் கணக்கில் நடக்கிறார்கள், ராத்திரி தூக்கத்தில் எலி கடிப்பதுகூடத் தெரிவதில்லை. வலி இருந்திருந்தால் அந்தக் கைகளும் கால்களும் தப்பித்திருக்கும். உணர்ச்சி இல்லாத பாதத்தைக் காப்பாற்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு வேண்டும் என்று வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் செய்து பார்த்த வேலைதான், இன்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்குகிற எம்.சி.ஆர். செருப்பாக நம் ஊர்க் கடைகளில் தொங்குகிறது. தொழுநோயில் கற்றதைப் பிற்பாடு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கு அவரே பொருத்திக் காட்டினார். இரண்டு நோய்க்கும் நடுவே இருந்த பாலம் ஒன்றுதான்: வலிக்காத கால்.

அவர் எழுதியவற்றில் என்னை அதிகம் பாதித்தது அவர் தோற்றுப்போன ஒரு முயற்சி. உணர்ச்சி இழந்தவர்களுக்குச் செயற்கையாக வலியைச் செய்து தர முயன்றார். கையுறையிலும் காலணியிலும் அழுத்தத்தை உணரும் சின்னஞ்சிறு கருவிகளை வைத்து, அழுத்தம் அளவு மீறினால் ஒலி எழுப்பும்படி செய்தார். நோயாளிகள் ஒலியைக் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே செய்த வேலையைத் தொடர்ந்தார்கள். ஒலி போதாது என்று, இன்னும் உணர்ச்சி மிச்சம் இருந்த இடத்தில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். முக்கியமான வேலை கையில் இருந்தால் அவர்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டு வேலையை முடித்து, பிறகு மாட்டிக்கொண்டார்கள். அணைத்துவிட முடிகிற எச்சரிக்கை வலி ஆகாது என்று அவருக்குப் புரிந்தது. இதைப் படித்த பிறகு அந்த முந்நூற்றுப் பன்னிரண்டை என்னால் வேறு மாதிரி பார்க்க முடியவில்லை. அது அந்த மனிதருக்கு வெளியிலிருந்து வந்த ஓர் ஒலி, அவ்வளவுதான். நோட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தால் நின்றுவிடும்.

நம் பொதுச் சுகாதாரம் சத்தம் போடுகிற நோய்களுக்காகக் கட்டப்பட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சத்தம் பயங்கரமாக இருந்த காலம் அது. இந்தியாவில் முதன்முதலாக முழுமையான பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. குடிநீர், சாக்கடை, கழிப்பிடம், கொசு, கெட்டுப்போன உணவு, தொற்றுநோய், தங்கும் விடுதி, திருவிழாக் கூட்டம் என்று அந்தச் சட்டம் தொடுகிற எல்லாவற்றுக்கும் கண்ணுக்குத் தெரிகிற அல்லது மூக்குக்கு எட்டுகிற ஓர் அடையாளம் இருக்கிறது. காலரா ஊருக்குள் வந்தால் ஊரே சொல்லிவிடும். பிரசவமும் அப்படித்தான். கிராமச் சுகாதாரச் செவிலியர் ஊரில் யார் கர்ப்பம், எத்தனையாவது மாதம் என்று நோட்டுப் போட்டு வீடு வீடாக நடந்த தலைமுறைகளின் உழைப்பால், 2019–21இன் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அந்த எண்ணை நான் பெருமையோடுதான் எழுதுகிறேன். ஆனால் பிரசவத்தில் அரசுக்கு ஒரு துணை இருந்தது. வயிறு கண்ணுக்குத் தெரியும். வலி வந்ததும் வீட்டில் எல்லோரும் எழுந்து ஓடுவார்கள். ஒரு நாளில் முடிவு தெரிந்துவிடும். அதே மாநிலத்தில் தொற்றா நோய்கள் பற்றி 2020இல் எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வு, ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது, சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்குத்தான் என்று சொன்னது. ஒரே மக்கள், ஒரே மருத்துவமனைகள், ஒரே செவிலியர்கள். தொண்ணூற்றொன்பதுக்கும் ஏழுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை வெறும் நிதிப் பற்றாக்குறை என்று என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. வலி கூட இருந்த இடத்தில் நாம் வென்றோம். வலி இல்லாத இடத்தில் அதன் வேலையைச் செய்ய யாரும் இல்லை.

மாத்திரையின் தரம் சரியில்லை, அதனால்தான் ஜனங்கள் போடுவதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. "கவர்மென்ட் மாத்திரையில பவர் இல்ல" என்று பஸ்ஸில், கல்யாண வீட்டில், சலூனில் கேட்காத வாரம் இல்லை. இது உண்மையல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மூலப்பெயரில் மொத்தமாக வாங்குகிறது; மாவட்டக் கிடங்குகளுக்கு வந்ததும் மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறது; ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் உள்ள தொகைக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போன ஏற்பாடு. கவுன்ட்டரில் கிடைக்கிற மெட்ஃபார்மினும் கடையில் காசு கொடுத்து வாங்குகிற மெட்ஃபார்மினும் உடம்புக்குள் செய்வது ஒரே வேலை. ஆனாலும் அந்தப் பேச்சு சாகவில்லை. ஏன் என்று யோசித்தால், ஜனங்கள் பேசுவது மாத்திரையைப் பற்றி இல்லையோ என்று தோன்றுகிறது. கம்பி வலைக்குப் பின்னால் ஒரு கை; சீட்டை வாங்கி, பட்டைகளைக் கத்தரித்து, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சீட்டு வந்துவிடுகிறது. மெட்ஃபார்மின் முதல் சில வாரம் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் குறையும், போகப் போகப் பழகிவிடும். இந்த மூன்று வாக்கியத்தைச் சொல்ல ஆள் இல்லாததால் எத்தனை பேர் முதல் வாரத்திலேயே பட்டையைத் தூக்கி அலமாரியில் போட்டிருப்பார்கள்! ஒன்றும் செய்யாத நோய், வயிற்றைக் கலக்குகிற மருந்து. அவர் உடம்பு அவருக்குச் சொல்கிற சாட்சியத்தின்படி எது நோய், எது மருந்து?

கவலைப்படுவதற்கும் வசதி வேண்டும் என்று முன்பெல்லாம் நான் நினைத்ததில்லை. என் தெருவில் படித்து, வேலை பார்த்து, ஓய்வு பெற்றவர்கள் அதிகம். வருஷத்துக்கு ஒருமுறை, சிலர் இரண்டுமுறை, தனியார் சோதனைக்கூடத்தில் முழு உடல் பரிசோதனை எடுக்கிறார்கள். வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போகிறான். மறுநாள் வாட்ஸ்அப்பில் பல பக்கத்துக்கு அறிக்கை வருகிறது. அளவுக்குச் சற்று வெளியே போன எண்கள் தடித்த எழுத்தில். அன்று முழுக்க அந்தத் தடித்த எழுத்துகள்தான் பேச்சு. அவர்களுடைய பயம் பொய்யானது என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டில் ஒருவர் நாற்பத்தெட்டு வயதில் போய்விட்ட பிறகு யாருக்குத்தான் பயம் வராது. எண்ணைப் பார்த்ததும் அவர்களுக்கு உடம்பு நடுங்குகிறது என்றால், எண் அவர்களுக்கு வலியாகிவிட்டது என்று அர்த்தம். படிப்பும், கேட்டால் பதில் சொல்கிற மருத்துவரும், மருத்துவரின் தொலைபேசி எண்ணும், நாளைக்கு லீவு போட்டால் சம்பளம் பிடிக்காத வேலையும் சேர்ந்துதான் ஓர் எண்ணை வலியாக்குகின்றன. இவர்கள் அரசு மருத்துவமனையை விட்டுப் போய் முப்பது, நாற்பது வருஷம் இருக்கும். போகும்போது பணத்தை மட்டும் கொண்டுபோகவில்லை. டாக்டர் ஏன் இந்த மாத்திரை, எதற்கு இந்த டெஸ்ட் என்று கேட்கிற பழக்கத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டார்கள். கேள்வி கேட்பவர்கள் இல்லாத வராந்தாவில் பதில் சொல்லும் வழக்கமும் மெல்ல மறைந்துவிடும், மறைந்துவிட்டது. இந்தியாவின் முதல் சர்க்கரை நோய்ப் புறநோயாளிப் பிரிவை 1948இல் மருத்துவர் எம். விஸ்வநாதன் தொடங்கியது வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் என்பதை அந்த வராந்தாக்களில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் வந்து நிற்கிற இடத்தில்தான் இந்த நோய்க்கான தனிக் கவனம் இங்கே முளைத்தது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அரிசியைக் குறைங்க, காய் நிறையச் சேருங்க, பயறு சுண்டல் சாப்பிடுங்க என்று மருத்துவர் சொல்வது சரியான அறிவுரை. ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி இலவசம். அது பல லட்சம் வீடுகளில் பசியைப் போக்கியது என்பதை மறக்கிறவர் பசியை அறியாதவர். ஆனால் கிலோ பீன்ஸ் என்ன விலை விற்கிறது? அரிசி கையில் இருக்கிறது, காய் கடையில் இருக்கிறது. மருத்துவமனையில் கிடைக்கிற அறிவுரையும் ரேஷனில் கிடைக்கிற பையும் ஒரே வீட்டில் சந்தித்துக்கொள்கின்றன. அந்த வீட்டுப் பெண்தான் இரண்டுக்கும் நடுவே நின்று சமைக்கிறாள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை பிறந்தது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சுகாதாரத் தன்னார்வலராகப் பயிற்சி பெற்று, பையில் ரத்த அழுத்தக் கருவியும் குளுக்கோமீட்டரும் எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். ஏற்கெனவே நோய் தெரிந்தவர்களுக்கு மாத்திரை வீட்டிலேயே கிடைக்கிறது. நாள் கூலி போவதில்லை. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணிக்குழு இதற்கு விருது கொடுத்தது, தகும். என் மனதுக்கு நெருக்கமானது அந்த விருது அல்ல. வாசலுக்கு வருகிற பெண் அந்தத் தெருக்காரி என்பதுதான். வீட்டுக்காரம்மா போன மாதம் மாத்திரை போட்டாரா இல்லையா என்று பட்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார். "ஏன்த்தே, இதுல பாதி அப்படியே இருக்கு?" என்று உரிமையோடு கேட்கிறார். "போட்டா கிறுகிறுன்னு வருதுடி" என்று இவர் உண்மையைச் சொல்கிறார். மருத்துவரிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார். பிராண்டின் கருவியால் முடியாதது இந்தத் திண்ணையில் நடக்கிறது. அணைத்து வைக்க முடியாதபடி ஒரு மனுஷி மாதாமாதம் வந்து நிற்கிறாள், அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இதிலும் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. அந்தத் தன்னார்வலர் பகலில் வருகிறார். பகலில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் வயதானவர்களும் பெண்களும். விடிவதற்கு முன் மார்க்கெட்டுக்கும் கட்டட வேலைக்கும் போய் இருட்டியபின் திரும்புகிற நாற்பது வயது ஆணைத் திண்ணை பிடிக்க முடியாது. பிற்பாடு வேலையிடங்களுக்கும் திட்டத்தைக் கொண்டுபோனார்கள். பதிவேடு உள்ள ஆலைக்குள் அது நுழையும். காலையில் சந்திப்பில் நின்று யார் கூப்பிட்டாலும் போகிற கொத்தனார்களிடமும் சித்தாள்களிடமும் எந்த வாசல் வழியாக நுழையும்? இன்னொரு சந்தேகமும் உண்டு. வீடு தேடி வருகிற அக்கறை நாளடைவில் எண்ணிக்கையை நிரப்புகிற வேலையாக, செயலியில் பதிவேற்றுகிற கட்டாயமாகச் சுருங்கிவிடலாம். இத்தனை வீடு, இத்தனை பேருக்கு அளந்தாயிற்று என்ற கணக்கு மேலே போகும். பாதிப் பட்டை ஏன் மீதி இருந்தது என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் கட்டம் இல்லை. மூன்றாவது சந்தேகம்தான் எனக்கு மிகப் பெரியது. நோயின் வாய்க்குப் பதிலாக நாம் வைத்திருக்கிற இந்தப் பெண் அரசு ஊழியர் இல்லை. அவருக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. அதைவிட நாலு காசு கூடக் கிடைக்கிற ஜவுளிக்கடை வேலைக்கு அவர் போய்விட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டும். அந்தத் தெருவில் யாருக்கு எந்த மாத்திரை கிறுகிறுப்பைத் தரும், யார் மருமகளுக்குத் தெரியாமல் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வார், யார் காலில் உள்ள புண்ணை ஒளித்து வைப்பார் என்று அவர் சேர்த்த அறிவு எந்த நோட்டிலும் இல்லை. அவருக்கு நிரந்தர வேலையும் முறையான சம்பளமும் கொடுங்கள் என்று கேட்பது தொழிற்சங்கக் கோரிக்கை மட்டும் அல்ல, மருத்துவக் கோரிக்கையும்தான். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே பையோடு வேறொருவர் வருவார். "எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே" என்று அந்த வீடு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.